நாற்பத்தொன்றாம் இடம்

1

நூறு இடம். நூறு ட்ரோன். நூறும் நன்றாகப் பறக்கின்றன. ஆனாலும் ஒரு இடம் காலியாக இருக்கிறது, ஒரு ட்ரோன் இடமில்லாமல் அலைகிறது. கணக்கு எங்கே உதைக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இந்தத் தொடக்கத்துக்கு வந்து சேருவதற்குள் இரண்டு தொடக்கங்களை அடித்துவிட்டேன்.

[அடித்தது: "வானத்தில் ஒரு கை மெல்ல விரிந்தது." அழகாக இருக்கிறது. அதுதான் குறை.]

[அடித்தது: "தம்பி இறந்த பிறகும் தினமும் காலையில் அவனிடமிருந்து அப்பாவுக்குச் செய்தி —" இல்லை. இதை இவ்வளவு சீக்கிரம் சொல்லக் கூடாது. சொல்லிவிட்டேன். போகட்டும்.]

கதை எங்கிருந்து வந்தது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் விளக்கம் எழுதிப் பிழைப்பவன். துணி துவைக்கும் இயந்திரத்தோடு ஒரு சின்னப் புத்தகம் வருமே, யாரும் படிக்காமல் அலமாரியில் போட்டுவிடுவீர்களே, அதை எழுதுகிறவன். ஒரு ட்ரோன் நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். "எங்க ட்ரோனை யாரும் ஓட்டறதில்ல சார். அதுங்களாவே பேசி வெச்சுக்கிட்டு வானத்துல உருவம் போடும். எப்படின்னு சாதாரண ஆளுக்குப் புரியற மாதிரி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க." போனேன். நிரல் எழுதும் பெண்ணின் எதிரில் உட்கார வைத்தார்கள். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். அவள் மேஜையில் இரண்டு கைபேசிகள் இருந்தன. ஒன்றின் கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல். பேச்சின் நடுவே விரிசல் விழுந்ததை எடுத்தாள், ஒரே ஒரு வரி தட்டி அனுப்பினாள், குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"ஆபீஸ் போனா?" என்று கேட்டேன்.

"இல்ல. வீட்டு வேலை."

நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

2

ட்ரோன்கள் எப்படி உருவம் போடுகின்றன என்று பார்ப்போம். (இந்தப் பகுதியைத் தாண்டிப் போக நினைப்பவர்கள் தாண்டலாம். ஆனால் எனக்குப் பிடித்த பகுதி இதுதான்.)

கீழே ஒருவர் உட்கார்ந்து நூறையும் நகர்த்துகிறார் என்று நாம் நினைக்கிறோம். சில நிறுவனங்களில் ஒரு கணினி ஒவ்வொன்றுக்கும் பாதையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடும். இவள் செய்வது அப்படி இல்லை. ஒவ்வொரு ட்ரோனின் தலைக்குள்ளும் முழு உருவமும் இருக்கிறது. இந்த முறை அது ஒரு திறந்த உள்ளங்கை. ஏதோ ஒரு மருத்துவமனையின் திறப்பு விழாவுக்காக. உள்ளங்கையில் நூறு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். "உன் இடம் இது" என்று மட்டும் யாருக்கும் யாரும் சொல்வதில்லை.

அப்புறம்? பேருந்து வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டு போடுவோமே, அதேதான். மேலே எழும் ட்ரோன் அருகில் எந்த இடம் காலி என்று பார்த்து, "நாற்பத்தொன்று எனக்கு" என்று ரேடியோவில் அறிவிக்கிறது. கேட்ட மற்றவை வேறு இடம் தேடிப் போகின்றன. ஒரு தடவை சொன்னால் போதாது. நொடிக்குப் பல முறை சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன். குரல் நின்றால் துண்டு போயிற்று என்று பொருள். பக்கத்திலிருப்பது அந்த இடத்துக்கு நகரும். அது விட்ட இடத்துக்கு அடுத்தது நகரும். பெஞ்சில் ஒருவர் எழுந்து போனால் மற்றவர்கள் தள்ளி உட்காருவார்களே, அது போல. ஓட்டை கொஞ்சம் கொஞ்சமாக விளிம்புக்கு நகர்ந்து காணாமல் போகும். கீழே நின்று பார்ப்பவருக்கு ஒன்று குறைந்ததே தெரியாது.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. உத்தரவு போட ஆளே இல்லாமல் ஒரு கூட்டம் தன் காயத்தைத் தானே மூடிக்கொள்கிறது!

ஒன்று விட்டுப்போனது. ட்ரோன்களுக்குக் கண்ணும் உண்டு. பக்கத்தில் யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்கள் என்று பார்க்கும் சின்னக் கருவி. அதை அவள் மோதாமல் இருப்பதற்கு மட்டும் வைத்திருந்தாள். இடம் யாருடையது என்ற விஷயத்தில் காதை மட்டும் நம்பச் சொல்லியிருந்தாள்.

3

நான் போன அன்று மாலை மைதானத்துக்கும் கூட்டிப் போனாள். மைதானம் என்றால் மூடிய ஒரு ஆலையின் பின்புறம். வெடித்த சிமென்ட் தரை, மதில், மதிலுக்கு அப்பால் நாணல் மண்டிய வடிகால். பேட்டரிகளைச் சார்ஜ் செய்பவருக்குப் பேட்டரி என்றே பெயர். ஒல்லியான ஆள், வாய் ஓயாது.

வெளிச்சம் மங்கும்போது நூறும் எழுந்தன. விரல்கள் வந்தன. பெருவிரல் வந்தது. உள்ளங்கையின் நடுவில் ஒரு கருப்புப் புள்ளி. அங்கே மட்டும் யாரும் இல்லை. மணிக்கட்டுக்குக் கீழே ஒற்றை ட்ரோன் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது.

"பாருங்க சார்," என்றார் பேட்டரி. "மாப்பிள்ளை தயார், மணவறை காலி, ரெண்டும் ஒரே மண்டபத்துல. ஆனா யாரோ மாப்பிள்ளைய வாசல்லயே நிறுத்தி வெச்சிருக்காங்க."

"சும்மா இரு பேட்டரி," என்றாள் அவள்.

"சும்மா இருந்தா ஓட்டை அடைஞ்சிடுமாக்கா?"

"அந்த இடத்துல காத்து சுத்துதோ?" என்று கேட்டேன். ஏதாவது கேட்க வேண்டுமே.

"உருவத்தையே அந்தக் கோடிக்கு நகர்த்திப் பாத்தோம். ஓட்டையும் கூடவே வந்துச்சு. காத்துன்னா கூடவே வருமா?"

"குறிப்பிட்ட ஒரு ட்ரோன்ல —"

"எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பறக்க விட்டாச்சு. நட்சத்திரம் போடச் சொன்னேன். அதுலயும் நாற்பத்தொன்னாம் இடம்தான் காலி." அவள் கையிலிருந்த பலகைக் கணினியை என்னிடம் காட்டினாள். நூறு பச்சைப் புள்ளிகள். "எல்லாம் உயிரோட இருக்கு. எல்லாம் பேசுது. எதுலயும் பழுதில்ல."

முதலாளி காருக்குள்ளிருந்தே கண்ணாடியை இறக்கினார். "ஏம்மா, ஆஸ்பத்திரிக்காரனுக்கு ஓட்டையோட ஒரு கை காட்டினா விளங்குமா? என்னமோ ஆணி அடிச்ச மாதிரி இருக்கு."

கண்ணாடி ஏறியது. அவள் மேலே பார்த்தபடி நின்றாள்.

4

இங்கேதான் எனக்குச் சிக்கல் ஆரம்பித்தது. வீட்டுக்கு வந்து இரண்டு பக்க விளக்கம் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. ஓட்டை ஒரு பக்கம், விரிசல் கைபேசி ஒரு பக்கம். விளக்கம் எழுதுகிறவனுக்கு ஒரு நோய் உண்டு: எதைப் பார்த்தாலும் இது ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்டே தீர வேண்டும்.

எனவே அவளுக்கு ஒரு வீடு கட்டினேன். இனி வருவது நான் கட்டியது.

அப்பா. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நெஞ்சைத் திறந்து அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. ஒரு தம்பி. வெளிநாட்டில் உயரமான கட்டடங்களுக்கு லிஃப்ட் பொருத்துகிறவன். தம்பியின் மனைவி, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள், இப்போது மாமனாருக்குத் துணையாக வீட்டோடு இருக்கிறாள்.

முதல் பிரதியில் தம்பியை நான் கொல்லவில்லை. அப்பாவோடு சண்டை, பேச்சுவார்த்தை இல்லை, அக்கா நடுவில் நின்று அவன் பெயரில் இரண்டு நல்ல வார்த்தை அனுப்புகிறாள் என்றுதான் எழுதினேன். நிற்கவில்லை. கைபேசி இங்கே, இவள் மேஜையில் இருக்கிறது. அப்படியானால் ஆள் எங்கே? கண்ணாடியில் விரிசல் எதனால் விழுந்தது? தன் போனை விட்டுவிட்டு இவ்வளவு நாள் ஒருவன் எங்கே இருப்பான்?

ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே பதில்தான் பொருந்தியது. அவன் லிஃப்ட் போகும் குழியில் விழுந்தான். அப்பாவின் நெஞ்சில் தையல் போட்ட அதே வாரம். வேறு வழி இருந்தால் நான் அதை எழுதியிருப்பேன்.*

(* இல்லை, இதுவும் முழு உண்மை இல்லை. வேறு வழிகள் இருந்தன. அது அவளுடைய பழைய போனாகவே இருக்கலாம். ஆனால் அதில் கதை இல்லை.)

5

பயிற்சிக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு அக்கா மட்டும் அந்த ஊருக்குப் போனாள். குளிர் அறையில் ஒரு இழுப்பறையை இழுத்துக் காட்டினார்கள். ஆமாம் என்று தலையாட்டினாள். கையெழுத்துப் போட்டாள். அங்கேயே அடக்கம் எல்லாம் முடிந்தது. ஒரு பையில் அவன் சட்டைகள், காலணி, கைபேசியைக் கொடுத்தார்கள்.

'அதிர்ச்சி எதுவும் வேண்டாம்' என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தையல் பிரிக்கட்டும் என்று அக்காவும் தம்பி மனைவியும் முடிவு செய்தார்கள். தையல் பிரித்தார்கள். இருமல் நிற்கட்டும் என்றார்கள். இருமல் நின்றது. நடக்க ஆரம்பிக்கட்டும் என்றார்கள். சொல்வதற்கு நல்ல நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். அதுவரை தினமும் காலையில் தம்பியின் கைபேசியிலிருந்து அக்கா ஒரு வரி அனுப்புவாள்: "சாப்பிட்டேன்பா. வேலை ஜாஸ்தி. மாத்திரை போட்டீங்களா?"

அப்பா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைச் சத்தமாக வாசிப்பார். மருமகள் சமையலறையில் நின்று கேட்பாள். நெற்றியில் பொட்டு இருக்கும். வைக்காவிட்டால் மாமனார் ஏன் என்று கேட்பார். அழுதால் ஏன் என்று கேட்பார். அவள் மனைவியும் இல்லை. கணவனை இழந்தவள் என்று சொல்லிக்கொள்ளவும் இடமில்லை.

பழைய பரிசோதனைக் கூடத்திலிருந்து மருமகளுக்கு அழைப்பு வந்தது. வேறு ஊரில் புதிதாகத் திறக்கிறார்கள், தங்க அறையும் தருகிறார்கள், இந்த வாரத்துக்குள் பதில் வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள். மாமனாரிடம் கேட்டாள்.

"அவன் வரட்டும்மா. ரெண்டு பேரும் பேசி முடிவெடுங்க. நான் யாரு குறுக்க?"

அன்றைக்கு மருமகள் அக்காவின் அறை வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணி, ஒண்ணு கேக்கவா?"

"என்னம்மா?"

"அவரு... நான் போகலாம்னு மாமாவுக்கு ஒரு மெசேஜ் போடச் சொல்லுங்களேன்."

அக்கா அவளையே பார்த்தாள்.

"அவரு இருந்திருந்தாலும் 'போடி, போயி ஜெயிச்சிட்டு வா'ன்னுதான் சொல்லியிருப்பாரு அண்ணி. பொய் இல்ல அது."

[இந்த வரியை மூன்று முறை அடித்து மூன்று முறை திரும்ப எழுதினேன். கணவன் பிணமாகி மாதங்கள் கழித்து அவனிடம் அனுமதி கேட்கும் ஒரு பெண்ணை எழுத எனக்கு என்ன உரிமை? ஆனால் அவள் வாசலில் நிற்கிறாள். உட்காரச் சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை.]

மறுநாள் காலையில் செய்தி போயிற்று: "அவளை வேலைக்கு அனுப்புங்கப்பா. நான் சொல்லிட்டேன்."

சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். அப்பா வாசித்தார். இன்னொரு முறை, இந்தத் தடவை வாய்க்குள்ளேயே வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இவன் எதுக்கு இத என்கிட்ட சொல்றான்?"

"உங்ககிட்ட சொல்லாம வேற யாருகிட்டப்பா —"

"பொண்டாட்டி சமாச்சாரத்த என்னைக்குடி அவன் என்கிட்ட கேட்டிருக்கான்? கல்யாணத்தையே முடிவு பண்ணிட்டு வந்துதான சொன்னான்? பத்திரிகைல பேரு சரியா இருக்கான்னு பாருங்கப்பான்னு." சிரித்தார். சிரிப்பு இருமலாகி, கையால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். இருவரும் எழுந்தார்கள். உட்காரும்படி கையைக் காட்டினார். அக்கா உட்கார்ந்தாள். மருமகள் உட்காரவில்லை.

"பஸ்ல சீட்டுல துண்டு கெடக்கும். ஆளு இருக்காது. 'வருவாங்க, டீ குடிக்கப் போயிருக்காங்க'ன்னு எவனாவது சொல்லுவான். வண்டி கெளம்பி ரெண்டு ஸ்டாப்பு தாண்டிடும். அப்ப நான் என்ன செய்வேன் தெரியுமா? இந்தப் பக்கம் இருக்கறவனையும் அந்தப் பக்கம் இருக்கறவனையும் கேப்பேன். துண்டப் பத்தி இல்ல. ஆளக் கண்ணால பாத்தியான்னு. ரெண்டு பேரும் பாக்கலன்னா துண்ட மடிச்சு மேல வெச்சிட்டு, நின்னுக்கிட்டு வர்றவங்கள உக்காரச் சொல்லிடுவேன்."

மருமகளைப் பார்த்தார்.

"ஊருக்குப் போனதுக்கப்புறம் அவன நீ பாத்தியாம்மா? போன்லயாவது, மூஞ்சிய?"

"இல்ல மாமா."

மகளின் பக்கம் திரும்பினார்.

"நீ பாத்தியா பாப்பா?"

அவள் பார்த்திருந்தாள். இழுப்பறையில், இடது காதுக்கு மேலே பஞ்சு வைத்து —

6

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் முடியவில்லை. முயற்சி செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் முடிவில் அவள் "பாத்தேன்பா" என்கிறாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை. "முகம் நல்லா இருந்துச்சா?" என்று மட்டும் கேட்கிறார். இதை எழுதிவிட்டு நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

இரண்டாவதில் அவளும் "இல்லப்பா, சிக்னல் சரியில்ல" என்கிறாள். அவர் சரியென்று சாப்பிடுகிறார். வாரம் முடிகிறது. வேலைக்கு வேறு ஆளை எடுத்துவிடுகிறார்கள். காலைச் செய்திகள் தொடர்கின்றன. இது எழுதுவதற்கு மிகவும் சுலபமாக இருந்தது. பயமாகவும் இருந்தது.

மூன்றாவதில் அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. மகனின் எண்ணுக்கு அழைக்கிறார். பக்கத்து அறையில், மகளின் கைப்பைக்குள், மணி அடிக்க —

நாடகம். வேண்டாம்.

எதையும் வைத்துக்கொள்ள முடியாததற்குக் காரணம் இருக்கிறது. தம்பி செத்ததை நான் பார்க்கவில்லை. தம்பி என்று ஒருவன் இருந்ததையே பார்க்கவில்லை. ஒரு போனைப் பார்த்தேன், அவ்வளவுதான். மற்றபடி பக்கத்துக்குப் பக்கம் "இருக்கிறான், இருந்தான், விழுந்தான்" என்று விடாமல் அறிவித்துக்கொண்டிருப்பது நான்தான். கேட்டுக்கொண்டிருப்பது நீங்கள்.

ஆகவே அந்தச் சாப்பாட்டு மேஜையை உங்களிடம் விட்டுவிடுகிறேன். மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நாலாவதாக ஒன்றை. ஒரே ஒரு வேண்டுகோள். எந்த முடிவை எடுத்தாலும், மருமகள் இன்னும் நின்றுகொண்டுதான் இருக்கிறாள் என்பதை மறந்துவிடாதீர்கள். அவளுக்கு இந்த வாரம்தான் கெடு.

7

என்னால் முடிக்க முடிந்தது ட்ரோன் கதையை. இதை மறுபடி நேரில் போய்க் கேட்டு, பார்த்து எழுதுகிறேன்.

இரண்டாம் முறை போனபோது அவள் மேஜையில் ஒரு கைபேசிதான் இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவள் கண்களின் கீழே வீங்கியிருந்தது. அது தூக்கமின்மையாகவும் இருக்கலாம்.

"கேள்விய மாத்திக் கேட்டேன்," என்றாள். "இவ்வளவு நாளா ஒவ்வொண்ணுகிட்டயும் 'நீ எங்க இருக்கே'ன்னு கேட்டேன். நூறும் சரியா பதில் சொல்லுச்சு. இப்ப 'நீ யாரைப் பாத்தே'ன்னு கேட்டேன்."

நாற்பத்தொன்றாம் இடத்துக்காரரின் குரலை எல்லா ட்ரோன்களும் கேட்டிருந்தன. ஒன்றுகூடப் பார்த்திருக்கவில்லை.

அந்தக் குரல் யாருடையது என்று தேடினாள். முதல் ஒத்திகையில் விழுந்து காணாமல் போன ஒன்றினுடையது. தேடிப் பார்த்துவிட்டு, போனது போகட்டும் என்று பலகைக் கணினியிலிருந்து அதை நீக்கினார்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். கணக்கு நூறாயிற்று, எல்லாம் பச்சையாயிற்று. அது விழுந்துவிட்டது என்று கீழே இருந்த எல்லோருக்கும் தெரியும். மேலே இருந்தவற்றிடம் யாரும் சொல்லவில்லை.

மதிலைச் சுற்றிக்கொண்டு வடிகாலுக்குப் போனோம். நாணலை விலக்கியதும் பேட்டரி கையைத் தூக்கினார். இரண்டு விசிறிகள் முறிந்து, ஒரு பக்கம் சேற்றில் புதைந்து கிடந்தது. விசிறி சுழலாவிட்டால் ட்ரோனின் பேட்டரி நாள்கணக்கில் தாங்கும். பேச்சுக்கு ஆகும் மின்சாரம் கொஞ்சம்தான். ஒரு பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

பேட்டரி முதன்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். "இன்னும் பேசிட்டிருக்குக்கா. அணைச்சிடட்டுமா?"

"வேண்டாம்."

"ஏன்?"

"இத அணைச்சா இந்த ஒரு ஓட்டை மட்டும்தான் அடையும். விழா அன்னைக்கு வேற ஒண்ணு விழுந்தா? இது பேசப் பேசவே சரியா வரணும்." அவள் குனிந்து அதன் முதுகிலிருந்த சேற்றை விரலால் வழித்தாள். "பேசட்டும், பாவம்."

அன்று மாலை நூறும் எழுந்தன. விரல்கள் வந்தன. உள்ளங்கை வந்தது. நடுவில் கருப்புப் புள்ளி வந்தது. சில நொடிகள் அப்படியே நின்றது. பிறகு பக்கத்திலிருந்த ஒன்று அதற்குள் நகர்ந்தது, அது விட்ட இடத்துக்கு அடுத்தது, அதற்கடுத்தது. மணிக்கட்டுக்குக் கீழே முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்த ஒற்றை ட்ரோன் நின்றது, எழுந்தது, உள்ளே போயிற்று. மதிலுக்கு அப்பால், நாணலுக்குள், "நாற்பத்தொன்று எனக்கு" என்ற அறிவிப்பு நொடிக்குப் பல முறை போய்க்கொண்டே இருந்தது.

அவள் மாற்றிய விதி இது. என் இரண்டு பக்க விளக்கத்தின் கடைசி வரியும் இதுதான்:

ஓர் இடம் தன்னுடையது என்று ஒரு ட்ரோன் சொன்னால் மட்டும் போதாது; பக்கத்திலிருக்கும் இரண்டு ட்ரோன்களாவது அதை அந்த இடத்தில் கண்ணால் பார்த்திருக்க வேண்டும்; பார்க்கவில்லை என்றால், எவ்வளவு பேசினாலும் அந்த இடம் காலி, இடமில்லாமல் அலைவது அதில் வந்து அமரலாம்.